பெடல் பேசவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டக் கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. கிட்டார் பெடல்கள், அதாவது கிட்டார் சத்தத்தை மாற்ற மேடையில் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள், வரிசை பிடித்து உட்கார்ந்திருக்கும். இசைக்குழுப் பையன்கள், தேவாலயத்தில் வாசிக்கும் பிள்ளைகள், கல்யாண மேடைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் ஒரே வார்த்தையோடு வருகிறார்கள்: "அண்ணே, பெடல் போச்சுண்ணே."

திறந்து பார்த்தால் பெரும்பாலும் பெடலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வயர், பேட்டரி, அடாப்டர், மண்டபத்துக் கரண்ட், இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆனால் அதற்குள் பையன் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய்ப் புதுப் பெடல் விலையைக் கேட்டுவிட்டு வந்திருப்பான். பள்ளி விடுமுறையில் செம்பனைக் குலை ஏற்றியும், கடையில் சாமான் அடுக்கியும் சேர்த்த காசு அது. அந்தக் காசு வீண்போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பெடல் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

## எதையும் கழற்றும் முன்

எல்லாப் பெடலையும் ஓரமாக வையுங்கள். கிட்டார், ஒரே ஒரு கேபிள், ஆம்ப். இவ்வளவுதான். இப்போதும் அதே கோளாறு இருந்தால் பெடல்மேல் பழி போடாதீர்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு கிட்டாரை மாற்றிப் பாருங்கள்.

கோளாறு மறைந்துவிட்டால் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆறு ஏழு பெடல் இருந்தால் முதல் பாதியை மட்டும் இணைத்துப் பாருங்கள். சத்தம் சரியாக இருந்தால் குற்றவாளி அடுத்த பாதியில் இருக்கிறது. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பெடலிலோ பெடலையும் பெடலையும் இணைக்கும் ஒரு துண்டு பேட்ச் கேபிளிலோ வந்து நிற்பீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். "இது நல்ல கேபிள்" என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று; அதன் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, மேடைக்கு எடுத்துப் போகாமல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புது அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஒன்று. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்ட்டிமீட்டர். எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் ஒரு டின். துரு கழற்ற அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் பெடலுக்குள் அடிக்காதீர்கள். அன்றைக்குச் சரியான மாதிரி இருக்கும். அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, இரண்டு மாதத்தில் குமிழ் முன்னைவிட மோசமாகக் கரகரக்கும்.

ஒரு எல்லையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெடல்களின் உள்ளே 9 வோல்ட்தான் ஓடுகிறது, அவற்றைத் திறக்கலாம். சுவரில் செருகும் அடாப்டரையும் ஆம்ப்பையும் திறக்கக்கூடாது. வால்வ் ஆம்ப்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

## அறிகுறி: விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை

### பேட்டரியில் ஓட்டுகிறீர்களா?

பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். கேபிளை அதில் செருகினால்தான் கரண்ட் ஓடும். ஆகவே வெறும் பெடலை மிதித்து விளக்கு எரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இன்புட் வழக்கமாக வலது பக்கம் இருக்கும். கிட்டாரை இடது பக்கம் செருகியிருந்தால் மாற்றுங்கள்.

இதே காரணத்தால்தான் வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நன்றாக இருந்த பெடல் ஞாயிற்றுக்கிழமை மேடையில் செத்துக் கிடக்கிறது. கேபிளைப் பிடுங்காமல் விட்டதால் பேட்டரி இரண்டு இரவும் ஓடியிருக்கிறது.

மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். புது அல்கலைன் ஒன்பதரை வோல்ட் பக்கம் காட்டும். 8க்குக் கீழே போனால் திணறும், 7க்கு வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மலிவுப் பேட்டரிகள் மீட்டரில் 9 காட்டும், பெடல் இழுக்க ஆரம்பித்ததும் கீழே விழுந்துவிடும். அதனால் பெடலை ஓட்டிக்கொண்டே அளப்பதுதான் சரி.

எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் பெடல்களைப் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். அல்கலைன் 9 வோல்ட்டில் ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர்-மணி இருக்கிறது. 65 மில்லி ஆம்பியர் இழுக்கும் டிலேயில் அது ஏழெட்டு மணி நேரம்கூட முழுசாகத் தாங்காது. சத்தத்தை முரடாக்கும் டிஸ்டோர்ஷன் பெடல் 5 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால், அதற்கு அதே பேட்டரி நூறு மணி நேரம் பக்கம் வரும்.

### அடாப்டரில் ஓட்டுகிறீர்களா?

அடாப்டரின் முதுகில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் செருகுவதுதான் நான் பார்க்கும் பெரும் சேதம். நான்கு விஷயத்தைப் பாருங்கள்.

வோல்ட்: பெரும்பாலான பெடலுக்கு 9. டிசியா ஏசியா: பெரும்பாலும் டிசி. ஆனால் லைன் 6 கம்பெனியின் பழைய பச்சை டிலே டிஎல்4, டிஜிடெக் வாமியின் நான்காம் பதிப்பு போன்றவை 9 வோல்ட் ஏசி கேட்கும். முனை: பெடல் உலகத்தில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். வட்டத்துக்குள் புள்ளி போட்ட படத்தில் புள்ளியிலிருந்து போகும் கோடு மைனஸில் முடிய வேண்டும். மோடம், சிசிடிவி கேமரா அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். அவற்றின் முனையும் பெடலில் அழகாக உட்காரும், அதுதான் ஆபத்து. கடைசியாக மில்லி ஆம்பியர்: அடாப்டரின் எண் பெடல் கேட்பதைவிட அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கக்கூடாது. பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருப்பதால் குழாய் வெடிப்பதில்லை.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகளில் பெடல் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட். பெடலோடு வரும் ஜப்பான் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் மாற்று பிளக் போட்டுச் செருகினால் அடாப்டர் புகைந்துவிடும், பெடலையும் கூட்டிக்கொண்டு போகலாம். அடாப்டரில் "100-240" என்று இருந்தால் பயமில்லை. வெறும் "100" என்று இருந்தால் அதைப் பெடலோடு தராமலே விற்கச் சொல்லுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறது, பெடலும் பாஸ் (BOSS) கம்பெனியின் பழைய பெடல் என்றால் அதன் லேபிளில் "ஏசிஏ" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் பெடல்கள் 12 வோல்ட் பக்கம் தரும் வேறுவகை அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய 9 வோல்ட் அடாப்டரில் தனியாக ஓடினால் விளக்கு மங்கும், சத்தமும் தொய்யும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரைப் பகிர்ந்து, பேட்ச் கேபிளால் இணைந்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது பழுது இல்லை. விற்கிறவருக்கே இது தெரியாமல் குறைந்த விலைக்குக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

### தவறான அடாப்டரைப் போட்டுவிட்டீர்களா?

மறைக்காமல் ஒப்புக்கொண்டால் வைத்தியம் சுலபம்.

முனை மாறிப் போனால், பல பெடல்களில் வாசலிலேயே ஒரு காவல் டையோடு இருக்கும். பெரும்பாலும் 1என்4001 வகை. தலைகீழான கரண்ட் வந்ததும் அது தன்னைக் கொடுத்துப் பெடலைக் காப்பாற்றும். எரிந்து உள்ளுக்குள் ஷார்ட்டாகிவிடுவதால் பெடல் செத்த மாதிரி கிடக்கும். நான் என் முதல் டிஸ்டோர்ஷன் பெடலில் கேசட் ரேடியோவின் அடாப்டரைச் செருகி இப்படித்தான் இழந்தேன். மூன்று வருடம் அது அலமாரியில் கிடந்தது. சில காசு பெறுமான டையோடு என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பெடல் பழுது பார்க்கவே அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

சோதனை: அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். இன்புட்டில் ஒரு கேபிளை மட்டும் செருகி வையுங்கள். மல்ட்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, அடாப்டர் ஜாக்கின் நடு ஊசியிலும் வெளித் தகட்டிலும் தொடுங்கள். பிறகு இரண்டு கம்பியையும் மாற்றித் தொடுங்கள். இரண்டு முறையும் விடாமல் பீப் அடித்தால் டையோடு போயிருக்கிறது. பற்றவைக்கத் தெரிந்த எவரும், ஊரில் ரேடியோ டிவி பார்க்கும் அங்கிள்கூட, பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார். பழையதைக் கழற்றிவிட்டு "ஓடுது, போதும்" என்று மூடிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். புது டையோடு போட்டே ஆக வேண்டும்.

பீப் அடிக்கவில்லை, ஆனால் 12 அல்லது 18 வோல்ட் போனது நிச்சயம், உள்ளே கருகிய வாசனை என்றால் அது உங்கள் மேசையில் முடியும் வேலை இல்லை. டிஜிட்டல் பெடலாக இருந்தால் திறக்கவே வேண்டாம். டெக்னீஷியனிடம் கொடுத்து, செலவு பெடல் விலையில் பாதியைத் தாண்டுமா என்று முதலில் கேளுங்கள். தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது.

## அறிகுறி: விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை

முதலில் டியூனரைப் பாருங்கள். டியூனர் பெடலை மிதித்து வைத்தால் அது சத்தத்தை அடைத்துவிடும்; அதன் வேலையே அதுதான். மேடைப் பதற்றத்தில் இதை மறந்து மூன்று பெடலைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

### பெடலை அணைத்தால் சத்தம் வருகிறதா?

வருகிறது என்றால் லெவல் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா பாருங்கள். கைப்பையில் உரசி அது திரும்பியிருக்கும். பிறகு புது பேட்டரி போட்டுப் பாருங்கள். விளக்குக்குப் போதுமான கரண்ட் சர்க்யூட்டுக்குப் போதாமல் இருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது, டெக்னீஷியன் வேலை.

### அணைத்தாலும் வரவில்லையா?

பேட்ச் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் வரவில்லை என்றால் ஜாக்கைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். அதன் நட்டு தளர்ந்து, செருகும்போதெல்லாம் ஜாக் சுழன்று சுழன்று உள்ளே இருக்கும் வயரை அறுத்திருக்கும். அடித்தகட்டைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும். நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால் நல்ல வயரையும் அறுப்பீர்கள்.

சுவிட்சை மெதுவாக, பாதி அழுத்தி நிறுத்தும்போது மட்டும் சத்தம் வந்து போகிறதா? சுவிட்ச் தேய்ந்துவிட்டது. ஒன்பது கால் உள்ள நீல நிற சுவிட்ச் என்றால் விலை குறைவு, ஆனால் ஒன்பது இடத்தில் ஈயத்தை உறிஞ்சி எடுக்கப் பழகிய கை வேண்டும். முதல் பற்றவைப்பை இதில் பழகாதீர்கள்.

## அறிகுறி: "ம்ம்ம்" என்று அடங்காத இரைச்சல்

பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். நானும் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

காதாலேயே ஒரு சோதனை. கிட்டாரைச் சரியாக டியூன் செய்து, ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டை வாசியுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டரிலிருந்து கசியும் இரைச்சல் பெரும்பாலும் அதன் இரட்டிப்பு, 100. ஆக, இரைச்சல் அந்தச் சுரத்தோடு கிட்டத்தட்ட ஒட்டிப் போனால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் அதிரும்படி இருந்தால் எர்த் பக்கம் பாருங்கள். இது முடிவான தீர்ப்பு இல்லை, எங்கே தொடங்கலாம் என்று காட்டும்.

### கிட்டார் வால்யூமைப் பூஜ்ஜியமாக்கினால் நிற்கிறதா?

நின்றால் இரைச்சல் கிட்டார் வழியாக நுழைகிறது. வால்யூமைத் திரும்ப ஏற்றி, நின்ற இடத்திலேயே உடம்பை மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் குறைகிறதா? கம்பிகளுக்குக் கீழே இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைச் சுருள் காந்தம்) சுற்றிலும் உள்ள மின்காந்தத்தைப் பிடிக்கிறது. கோயிலில் இதற்குக் குறைவே இல்லை: குழல் விளக்குகளின் சோக், அலங்காரத்துக்குத் தொங்கும் சீரியல் லைட், ஒலிபெருக்கிக்காரரின் டிரான்ஸ்பார்மர். அவற்றிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள், குறைந்த திசையைப் பார்த்து நில்லுங்கள். டிஸ்டோர்ஷனின் கெயினைப் பாதியாக்குங்கள். இரண்டு டிஸ்டோர்ஷனை அடுக்கி ஓட்டுகிறவர்கள் இரைச்சலையும் இரண்டு முறை பெருக்குகிறார்கள்.

கம்பியைத் தொட்டால் குறைந்து, விட்டால் கூடுகிறதா? கொஞ்சம் இருப்பது இயல்பு. தொட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி பெரிதாக இருந்தால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கலாம். சின்ன வேலைதான்.

### நிற்கவில்லை, ஆனால் பேட்டரியில் ஓட்டினால் நிற்கிறதா?

அடாப்டர்தான். பெடலுக்கென்று செய்த, ரெகுலேட்டட் என்று எழுதிய ஒன்றை வாங்குங்கள். புதுப் பெடல் வாங்க வைத்திருக்கும் காசை முதலில் இதில் போடச் சொல்வேன்.

### வீட்டில் சரி, மண்டபத்தில் மட்டும் வருகிறதா?

எர்த் லூப். கிட்டார் ஆம்ப் கோயில் சுவரிலிருந்து கரண்ட் எடுக்கிறது. மிக்ஸர் வேறொரு மூலையிலிருந்தோ ஜென்செட்டிலிருந்தோ எடுக்கிறது. இரண்டையும் ஒரு ஆடியோ கேபிள் இணைத்ததும் வட்டம் முழுதாகிவிடுகிறது. செலவில்லாத வழி: ஆம்ப், பெடல் அடாப்டர், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வையுங்கள். அது முடியாவிட்டால் ஒலிபெருக்கிக்காரரிடம் டிஐ பாக்ஸ் (கிட்டார் சத்தத்தை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) கேளுங்கள். அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

இங்கேதான் சில பேர் மூன்று ஊசி பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். அதோடு உங்கள் உயிருக்கு இருந்த காவலும் போய்விடும். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கிறது, மின்சாரத்தின் எர்த்தைத் தொடுவதில்லை. இரண்டும் ஒன்று என்று யார் சொன்னாலும், எவ்வளவு வருடம் மேடையில் நின்றவர் சொன்னாலும், கேட்காதீர்கள்.

### மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்கிறதா? கம்பியைத் தொட்டால் கூசுகிறதா?

வாசிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். கையால் எதையும் ஆட்டிப் பார்க்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால், தீமிதிக்குழி பக்கம் தண்ணீர் தெளித்திருந்தால், வெறுங்காலோடு நிற்பவருக்கு இது விளையாட்டில்லை. சில பழைய லயத்து வீடுகளிலும் மண்டபங்களிலும் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஜென்செட் என்றால் அதற்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இது பெடல் பழுதும் இல்லை, என்னைப் போன்றவன் பார்க்கும் வேலையும் இல்லை. சுருஹான்ஜாயா தெனாகா என்ற மலேசிய எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வந்து பார்த்த பிறகுதான் கச்சேரி. கோயில் தலைவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். திருவிழாவுக்கு முதல் நாள் பகலிலேயே மண்டபத்துக்குப் போய் இஎல்சிபியின் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் துண்டிக்கவில்லை என்றால் அன்றைக்கே ஆள் கூப்பிட நேரம் இருக்கும்.

## அறிகுறி: "கீஈஈ" என்று கொசு போல, அல்லது டிக் டிக்

முதலில் கைப்பேசியைப் பெடல் பலகையிலிருந்து எடுங்கள்.

அப்படியும் இருந்தால், ஒரே அடாப்டரிலிருந்து பல தலையாகப் பிரியும் டெய்சி செயினில் ஒரு டிஜிட்டல் பெடல் இருக்கும். டிலேயோ ரிவெர்போ தன் உள்ளே ஓடும் கடிகாரச் சத்தத்தை அந்த வயர் வழியாக டிஸ்டோர்ஷனுக்குள் அனுப்புகிறது. டிஸ்டோர்ஷன் அதைப் பெருக்குகிறது. டிஜிட்டல் பெடலின் தலையைப் பிடுங்கி வேறு அடாப்டரில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது: அந்த ஒரு பெடலுக்குத் தனி அடாப்டர் போதும்.

பெடல்கள் ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த, ஐசோலேட்டட் பவர் சப்ளை வாங்கலாம். கணக்குப் போட்டு வாங்குங்கள். டியூனர் 30, ஓவர்டிரைவ் 8, டிஸ்டோர்ஷன் 5, டிலே 65, ரிவெர்ப் 100 என்றால் மொத்தம் 208 மில்லி ஆம்பியர். ஆனால் மொத்தத்தைவிட ஒவ்வொரு வாயும் தனியாக எவ்வளவு தரும் என்பதுதான் முக்கியம். பெரிய டிஜிட்டல் பெடல்கள் 250, 300 கேட்கும். 100 மட்டும் தரும் வாயில் அவை அரை உயிரில் ஓடி, திடீரென்று அணையும்.

ஆன்லைனில் மலிவாக விற்கும் சில பெட்டிகளில் "ஐசோலேட்டட்" என்று அச்சடித்திருக்கும், உள்ளே எல்லா வாயும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். வந்ததும் சோதியுங்கள். சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பீப் நிலையில் மல்ட்டிமீட்டரின் ஒரு கம்பியை ஒரு வாயின் நடு ஊசியிலும் இன்னொன்றை அடுத்த வாயின் நடு ஊசியிலும் வையுங்கள். பீப் அடித்தால் அது ஐசோலேட்டட் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

பழைய வகை ஜெர்மானியம் ஃபஸ் பெடல் (ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் ஓடும் ஒருவகை டிஸ்டோர்ஷன்) வைத்திருப்பவர்கள் கவனம். அவற்றில் பல பாஸிட்டிவ் கிரவுண்ட், அதாவது பிளஸ் பக்கம்தான் எர்த். டெய்சி செயினில் மற்ற பெடல்களோடு சேர்த்தால் முழுச் சங்கிலியும் ஷார்ட்டாகும். பேட்டரியில் ஓட்டுங்கள்.

## அறிகுறி: கரகரப்பு, விட்டு விட்டு வருதல்

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி அல்லது பாசி. நம் ஊர் ஈரத்துக்கு இது வந்தே தீரும். கரண்டைப் பிடுங்கி, பெடலைத் திறந்து, குமிழின் உடம்பில் உள்ள சின்ன இடைவெளியில் காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு அடித்து, இருபது முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். வா-வா பெடலில் காலை ஆட்டும்போது கரகரத்தாலும் இதே வைத்தியம்தான். கிரை பேபி என்றால் அடியில் உள்ள நான்கு ரப்பர் காலின் திருகைக் கழற்றினால் தகடு வந்துவிடும். இரண்டு முறை சுத்தம் செய்தும் திரும்ப வந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

கேபிளை ஆட்டும்போது வந்தால் கேபிள். பெடலை விரலால் தட்டும்போது வந்தால் உள்ளே எங்கோ ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கிறது. தட்டிய இடத்தைக் குறித்து வைத்து டெக்னீஷியனிடம் காட்டுங்கள், அவர் தேடும் நேரம் மிச்சமாகும்.

கச்சேரி முடிந்த இரவில் பனியும் வியர்வையும் பட்ட பெடல்களை அப்படியே ஸ்பாஞ்சு வைத்த பெட்டியில் பூட்டி ஒரு மாதம் விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு வையுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடலாம்.

## அறிகுறி: மிதிக்கும்போது "டப்"

கேபிள் செருகிய பிறகு முதல் மிதியில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மிதியிலும் ஒலிபெருக்கி அதிரும்படி வந்தால் டெக்னீஷியன் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துச் சரிசெய்வார்.

## அறிகுறி: எல்லாப் பெடலும் அணைந்திருந்தாலும் சத்தம் மங்கல்

நேராக ஆம்ப்பில் செருகினால் பளிச்சென்று இருக்கிறது, பெடல் பலகை வழியாக வந்தால் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கிறது என்றால் கேபிளின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். ட்ரூ பைபாஸ் பெடல்கள் (அணைத்தால் சத்தத்தைத் தொடாமல் அப்படியே கடத்துபவை) மட்டுமே இருந்தால் எல்லாக் கேபிளும் சேர்ந்து ஒரே நீளக் கேபிள்தான். பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும்போது மேல் ஸ்தாயி மங்கும். வரிசையின் தொடக்கத்தில் பஃபர் (சத்தம் மங்காமல் தள்ளிவிடும் சர்க்யூட்) உள்ள பெடல் ஒன்று போதும். பாஸ் பெடல்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை, டியூனரும் உட்பட. புதிதாக எதுவும் வாங்காமல் இருக்கும் டியூனரை முன்னால் நகர்த்தினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. ஜெர்மானியம் ஃபஸ் மட்டும் விதிவிலக்கு. அது கிட்டாரை நேரடியாகப் பார்க்க வேண்டும், பஃபருக்குப் பின்னால் வைத்தால் மெலிந்து கத்தும். நண்பகல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதன் சத்தம் மாறுவதும் இயல்பு. ஜெர்மானியம் சூடு தாங்காது, மாலையில் திரும்பிவிடும்.

## அறிகுறி: கடையில் கேட்ட சத்தம் நம்மிடம் வரவில்லை

"ஏமாத்திட்டாங்கண்ணே" என்று கொண்டு வரும் பெடல்களில் கோளாறு இருப்பதில்லை.

### ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸரில் போடுகிறீர்களா?

இதுதான் முதல் காரணம். கோயிலில் ஆம்ப் தூக்கிப் போக வாகனம் இல்லை, ஒலிபெருக்கிக்காரர் ஒரு வயரை நீட்டுகிறார், டிஸ்டோர்ஷன் பெடல் அதில் போகிறது. வருவது தேனீக் கூட்டத்தின் சத்தம். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெருமளவு விழுங்கிவிடும். டிஸ்டோர்ஷன் பெடல்கள் அதை நம்பித்தான் செய்யப்பட்டவை. கோயில் ஒலிபெருக்கி எதையும் விழுங்காது. மிக்ஸரில் டிரெபிளை நன்றாக இறக்கிப் பாருங்கள், காசில்லாமல் பாதி சரியாகும். அடுத்த பெடலுக்குக் காசு இருந்தால் கேபினெட் சிமுலேட்டர் (ஆம்ப் ஸ்பீக்கர் செய்வதைப் போலவே செய்யும் சர்க்யூட்) உள்ள ஒன்றை வாங்கி வரிசையின் கடைசியில் வையுங்கள். மேடைக்கு மிக்ஸரை நம்பி வாசிக்கிறவர் இரண்டாவது டிஸ்டோர்ஷன் வாங்குவதற்கு முன் இதைத்தான் வாங்க வேண்டும்.

### வரிசை சரியா?

டியூனர், வா-வா, ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், கோரஸ், டிலே, ரிவெர்ப். இந்த வரிசையில் தொடங்கி, பிறகு உங்கள் காதுக்குப் பிடித்தபடி மாற்றுங்கள். டிலேயை டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகள் எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். ஆம்ப்பிலேயே கெயின் ஏற்றியிருந்தால் ஆம்ப் முன்வாயில் செருகும் டிலேக்கும் அதே கதி.

## பழைய பெடல் வாங்கும்போது

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து உணவுக்கடையில் சந்தித்துக் காசு கொடுத்துப் பெடலை வாங்கி வருகிறார்கள். கரண்டே இல்லாத இடத்தில் எப்படிச் சோதிப்பது? புது பேட்டரி ஒன்று, சின்னக் கேபிள் இரண்டு, பேட்டரியில் ஓடும் கையடக்க ஆம்ப் ஒன்று எடுத்துப் போங்கள், போதும். பேட்டரி போட இடமில்லாத பெடலை மட்டும் சுவரில் சாக்கெட் உள்ள இடத்தில்தான் பார்ப்பேன் என்று சொல்லுங்கள்.

பேட்டரி அறையைத் திறந்து முகருங்கள், பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரித் திரவம் கசிந்திருக்கிறது, போர்டு வரைக்கும் போயிருக்கலாம். ஒவ்வொரு குமிழையும் கோடிக்குக் கோடி திருப்புங்கள். சுவிட்சை இருபது முறை மிதியுங்கள். ஒரு முறை தவறினாலும் விலையில் சுவிட்ச் மாற்றும் கூலியைக் குறையுங்கள். கடைசியாக, பக்கத்தில் சாக்கெட் கிடைத்தால் அடாப்டர் ஜாக்கிலும் செருகிப் பாருங்கள். பேட்டரியில் ஓடி அடாப்டரில் ஓடாத பெடலை விற்பவர், ஏன் பேட்டரியில் மட்டும் காட்டுகிறார் என்று யோசியுங்கள்.

## பழுது பார்க்கக் கொடுக்கும்போது

பெடலில் ஒரு டேப் ஒட்டி மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்கிறது, எந்த அடாப்டரில் ஓட்டினீர்கள், மேலே சொன்னவற்றில் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள். அந்த அடாப்டரையும் பேட்ச் கேபிளையும் கூடவே கொடுங்கள். பெடலை மட்டும் கொண்டு வந்தால் மேசையில் நன்றாக ஓடும்; திரும்ப எடுத்துப் போய் அதே அடாப்டரில் செருகினால் மறுபடியும் அதே கதைதான்.